பார்மன் அறிக்கை (1934)

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், 'ஜெர்மன் கிறித்தவர்கள்' என்ற பிரிவினர் புராட்டஸ்டன்ட் திருச்சபையை நாசி அரசுக்கு இசைவாக மாற்ற முனைந்தனர். ஆளும் அதிகாரம் கடவுளிடமிருந்தே வருகிறது என்ற பவுலின் கருத்து (ரோமர் 13) அவர்களுக்குக் கைகொடுத்தது. அந்தப் பவுலே ரோம அரசின் கைதியாக இருந்தவர் என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

1934 மே 29 முதல் 31 வரை பார்மனில் 139 பேராளர்கள் கூடி இதை எதிர்த்தனர். அறிக்கையின் பெரும்பகுதியை எழுதியவர் இறையியலாளர் கார்ல் பார்த். அதில் ஆறு கூறுகள் உண்டு. ஐந்தாவது கூறுதான் முக்கியமானது. நீதியையும் அமைதியையும் காப்பது அரசின் கடமை. மனித வாழ்வு முழுவதையும் தன் பிடிக்குள் கொண்டுவர அரசுக்கு உரிமையில்லை. திருச்சபையும் அரசின் உறுப்பாகிவிடக் கூடாது என்கிறது அது. துணிச்சலான சொற்கள்தாம். ஆனால் துன்புற்ற யூதர்களைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல்கூட இல்லை! இக்குறையைப் பார்த் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

டீட்ரிக் போன்ஹோஃபர் 1933லேயே யூதர் பிரச்சினை பற்றி எழுதியவர். சக்கரத்தில் நசுங்கியவர்களுக்குக் கட்டுப்போட்டால் போதாது, சக்கரத்தையே தடுத்து நிறுத்த நேரிடலாம் என்றார். 1943 ஏப்ரலில் கைதானார். துன்புறும் கடவுளால்தான் மனிதருக்கு உதவ முடியும் என்று 1944 ஜூலையில் பெர்லின் டேகல் சிறையிலிருந்து நண்பருக்கு எழுதினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃபுளோசன்பூர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டார். அமெரிக்கப் படை அம்முகாமை அடைந்தது ஏப்ரல் 23 அன்று.