பின்கட்டுப் பட்டறையும் மருந்து ரூமும்

சிவகாசிப் பக்கம் யாரும் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆபீஸ் வேலையில் பாதி ஒரு காலத்தில் வீட்டுத் திண்ணையிலும் பின்கட்டிலும்தான் நடந்தது.

இதை இப்போ ஏன் கிளறுகிறேன் என்றால், எங்க பழைய வீட்டைப் புதுப்பிக்கிற வேலை ஓடிக்கிட்டிருக்கு. பின்னாடி காலி இடத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் சின்னதா ஒரு மரவேலைப் பட்டறை போடலாம்னு பிளான். (வாரம் பூரா பொட்டி தட்டுறவனுக்கு கையால ஏதாவது செய்யணும்னு ஆசை வராதா?) கொத்தனார் கயிறு பிடித்து அளந்ததைப் பார்த்ததுமே பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டது: "தம்பி, மருந்து வேலை எதுவும் இல்லையேப்பா?"

சிரிக்கிற விஷயம் இல்லீங்க. அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருஷக் கதை இருக்கு.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். முதலில் ஜெர்மனி மெஷின்தான். அப்புறம் கைவேலைக்கு மாறினார்கள். என்னைக் கேட்டால் இந்த ஊர் வரலாற்றில் பெரிய திருப்பம் கல்கத்தா பயணம் இல்லை, இந்த மாற்றம்தான். மெஷினுக்கு ஒரே கூரை வேண்டும். கைவேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். வானம் பார்த்த பூமி, மழை பொய்த்தால் வேலை கிடையாது. அதனால் பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்கு வந்தது. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி, அந்தக் கணக்கில் கூலி. எங்க பாட்டியும் ஒட்டியவர்தான்.

பெட்டி ஒட்டுவதில் ஆபத்து இல்லை, பசையும் தாளும்தான். ஆபத்து மருந்தில். குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டிப் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் தனித்தனியாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை, அதனால்தான் அதற்கு சேப்டி மேட்ச் என்று பேர். பட்டாசில் அப்படிப் பிரித்து வைக்க வழி கிடையாது. எரிவதும் எரிய வைப்பதும் ஒரே கலவையில்.

அதனால்தான் 1940 வெடிபொருள் விதிகளுக்குப் பிறகு லைசென்ஸ், தனித்தனி ஷெட் எல்லாம் வந்தது. இன்று நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று டீக்கடையில்கூடப் பேசுவார்கள். ஒரு ஷெட்டில் நாலு பேருக்கு மேல் கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இடைவெளி. ஒரு ரூம் போனாலும் அடுத்த ரூம் தப்ப வேண்டும் என்கிற டிசைன் இது. எங்க தொழிலில் இதையேதான் ஒரு மாட்யூல் விழுந்தால் மொத்த சிஸ்டமும் விழக் கூடாது என்போம். இங்கே விழுவது மனுஷங்க.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. சுமார் 40 பேர் செத்தார்கள். அதில் உதவிக்கு ஓடி வந்தவர்களும், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. அதன் பிறகும் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்து வேலை செய்வது நிற்கவில்லை. 2021-ல் தாயில்பட்டியில் ஒரு வீட்டுக்குள்ளேயே வெடித்து உயிர்கள் போயின. பெரியம்மா கேட்டது இதை நினைத்துத்தான். கூலிக்காக வீட்டுக்குள் வந்த வேலை, மருந்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

பிளானில் ரெண்டு விஷயம் மாற்றிவிட்டேன். முதலில் ஒரு கதவு, அதுவும் உள்பக்கம் திறக்கிற மாதிரி போட்டிருந்தோம். இப்போ எதிரெதிரே ரெண்டு கதவு, ரெண்டுமே வெளிப்பக்கம் திறக்கும். மரத்தூளும் காற்றில் பரவி நின்றால் ஒரு பொறியில் வெடிக்கும் ஜாதிதான். அதனால் சால்டரிங் மேஜையை இழைக்கிற இடத்திலிருந்து தூக்கி வராண்டாவுக்குக் கொண்டு போயாச்சு. வார்னிஷும் தின்னரும் சுவருக்கு வெளியே தனி அலமாரியில். "ஒரு பட்டறைக்கு எதுக்கு தம்பி ரெண்டு கதவு?" என்று கொத்தனார் கேட்கவே இல்லை. அவர் சாத்தூர்க்காரர்.