குமரிமுனை முதல் இமயம் வரை: கருவித் துல்லியமும் ஐந்து விகலை வேறுபாடும்

ஓர் அளவில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பது அளந்தவருக்குத் தெரிந்தால்தான் அந்த அளவு அறிவியலுக்குப் பயன்படும். குமரிமுனையையும் இமய அடிவாரத்தையும் இணைத்த முக்கோண நில அளவீட்டின் வரலாறு இதை ஐயமற நிறுவுகிறது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன், பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீள அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். வெயிலில் எஃகு நீளும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினாலே அந்த நீளத்துக்கு ஒன்றரை மீட்டர் அளவுக்குப் பிழை சேரும். எனவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானியைப் பார்த்துத் திருத்தம் கணக்கிட்டார்கள். கோணங்களை அளந்தது அரை டன் எடையுள்ள தியோடலைட். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதியது. பாகை பொறித்த வட்டம் நெளிந்தது. லாம்டன் ஆறு வாரம் அதனுடனேயே அடைபட்டுக் கிடந்து, ஆப்பும் திருகும் கொண்டு சிறிது சிறிதாக வட்டத்தை மீட்டார். 1809-ல் அளவீடு திருவிதாங்கூரின் தென்முனையான குமரியை எட்டியது.

அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், சங்கிலியைக் கைவிட்டு கோல்பி சட்டங்களைக் கொணர்ந்தார். பித்தளையும் இரும்பும் இணைந்த 10 அடிச் சட்டங்கள் அவை. இரு உலோகங்களும் வெவ்வேறு அளவில் நீள்வதால், முனைகளில் உள்ள சிறு நாக்குகள் சாய்ந்துகொடுக்கும். அவற்றில் குறித்த புள்ளிகளின் இடைவெளி மட்டும் மாறாது. 1868-69-ல் குமரிமுனை அடிக்கோடும் இச்சட்டங்களால்தான் அளக்கப்பட்டது.

திருப்புமுனை வடக்கே நேர்ந்தது. கலியாணா, கலியான்பூர் என்னும் இரு நிலையங்களின் அட்சரேகை வேறுபாட்டை முக்கோணக் கணக்கு ஒருவிதமாகவும், விண்மீன் நோக்கு வேறுவிதமாகவும் காட்டின. இரண்டுக்கும் இடையே 5.236 விகலை வந்தது. ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கே ஒரு விகலை. நிலத்தில் இந்த வேறுபாடு சுமார் 160 மீட்டர். கருவிகள் நம்பத்தகாதவையாக இருந்திருந்தால், இதைக் கைப்பிழை என்று தள்ளியிருப்பார்கள்.

கல்கத்தாவிலிருந்த ஜான் பிராட், விண்மீன் நோக்கில் செங்குத்துத் திசையைக் காட்டும் தூக்குக்குண்டை இமயத்தின் ஈர்ப்பு தன்பக்கம் இழுத்திருக்கும் என்று கணக்கிட்டார். கணக்குப்படி ஏறத்தாழ 15.9 விகலை வரவேண்டும். கிடைத்ததோ அதில் மூன்றில் ஒரு பங்கு. 1855-ல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி இதற்கு விளக்கம் தந்தார்: மலைக்கு அடியில் எடை குறைந்த பாறை ஆழமாக வேரோடியிருப்பதால், மேலுள்ள பொருண்மை ஈடுசெய்யப்படுகிறது. பிராட் பின்னர் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். புவியோட்டின் சமநிலைக் கோட்பாடு இவ்விவாதத்திலிருந்தே உருவானது.

1865 முதல், இதே நில அளவீட்டுப் பணியைச் சேர்ந்த பசேவி ஊசல்களைக் கொண்டு ஈர்ப்பை அளந்தார். குமரிமுனைக்கு அருகிலுள்ள புன்னை நிலையம் முதல் லடாக் வரை அவர் பணி நீண்டது. மலைப்பகுதியில் எதிர்பார்த்ததைவிட ஈர்ப்பு குறைவாகவும், கடலோரத்திலும் தீவிலும் கூடுதலாகவும் இருந்தது. ஈடுசெய்தல் கருத்துக்கு அது வலுவூட்டியது.

இன்று செயற்கைக்கோள்கள், குமரிக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்புக் குறைவால் கடல்மட்டம் சுமார் 100 மீட்டர் தாழ்ந்திருப்பதைக் காட்டுகின்றன. அதன் காரணம் குறித்த ஆய்வு தொடர்கிறது. ஆனால் நம் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் விடை பொருந்தாதபோது எண்ணைத் திருத்தி எழுதும் வழக்கம் உள்ளது. கருவியைச் சரிபார்த்து, பிழையின் எல்லையை அறிந்து, பொருந்தாத எண்ணை அப்படியே பதிவுசெய்யக் கற்றுக்கொடுப்பதே இவ்வரலாறு நமக்கு இடும் கடமை.