அதிகாரிச்சி

வகுப்பில் ஒருநாள் "ஆபீசர் வந்தார்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, இதை வீட்டில் பேசுவதுபோலச் சொல்லுங்கள் என்றேன். எல்லோரும் ஒரே குரலில் "ஆபீசர் வந்தாரு" என்றார்கள். வந்தவர் பெண்ணாக இருந்தால்? கொஞ்சம் தயங்கிவிட்டு, "மேடம் வந்தாங்க" என்றாள் முன்வரிசை மாணவி ஒருத்தி.

எழுத்தில் 'வந்தார்' இருபாலுக்கும் பொது. பேச்சில் 'வந்தாரு' ஆனதும் அது ஆணுக்குரியதாகிவிடுகிறது. இது எல்லோரும் அறிந்ததுதான். என்னை உறுத்தியது இன்னொன்று. வந்தவர் பெண் என்றதும் 'ஆபீசர்' என்ற சொல்லே வாக்கியத்திலிருந்து எழுந்து போய்விட்டது. மரியாதை மிஞ்சியது, பதவியைக் காணோம்.

தமிழ் எப்போதும் இப்படி இருந்ததில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'அதிகாரிச்சி' என்றொரு சொல் வருகிறது. வடமொழியிலிருந்து வந்த 'அதிகாரி'யோடு தமிழ்ப் பெண்பால் விகுதி சேர்ந்து உண்டான சொல். அரண்மனையோடு தொடர்புடைய பெண்கள் இந்தப் பட்டத்தோடு குறிக்கப்படுகிறார்கள். இதைச் சொன்னவுடன், அது அதிகாரியின் மனைவியைக் குறிக்கும் சொல்லாக இருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். 'டாக்டரம்மா' என்பது மருத்துவரையும் குறிக்கும், மருத்துவரின் மனைவியையும் குறிக்கும் என்பதால் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாதுதான். ஆனால் 'அதிகாரி' என்று வரும் இடத்தில் யாரும் இவர் எந்த அதிகாரிச்சியின் கணவர் என்று கேட்பதில்லை.

'ஆபீசர்' நம் ஊருக்கு வாளோடு வந்த சொல். வேலூர்க் கோட்டைக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு உடனடிக் காரணங்களில் ஒன்று புதிய தலைப்பாகை. அதில் தோலால் ஆன ஒரு சின்னம் இருந்தது. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியைத் திருத்த வேண்டும் என்ற ஆணைகளும் கூடவே வந்தன. ஆணையிட்டவர்கள் ஆபீசர்கள். கும்பினிப் படையில் இந்தியர் ஒருவர் எட்டக்கூடிய உச்சம் சுபேதார்தான். எத்தனை போர் பார்த்த சுபேதாரும் நேற்று கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரப் பையனுக்குக் கீழேதான். அதாவது, 'ஆபீசர்' என்ற சொல் இங்கே காலெடுத்து வைக்கும்போதே யாரை உள்ளே விடக்கூடாது என்பது முடிவாகியிருந்தது.

அந்தக் காலையில் கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். நடந்ததைக் கண்ணால் கண்டு எழுதியவர் அவர் மனைவி அமீலியா. குழந்தைகளோடு ஒளிந்து உயிர்தப்பியவர். ஆபீசர்களின் அறிக்கைகளை வைத்து எழுதப்பட்ட வரலாற்றில், ஆபீசரின் மனைவி என்பதற்கு மேல் எந்தப் பதவியும் இல்லாத ஒரு பெண்ணின் குறிப்பு முதன்மைச் சாட்சியமாக நிற்கிறது. அதே கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பத்துப் பெண்களும் அந்தக் காலையைப் பார்த்தவர்கள்தான். அவர்கள் எழுதியதாக நம் கைக்கு எதுவும் வரவில்லை.

விடுதலைக்குப் பிறகு கதவு திறந்தது, நிபந்தனையோடு. 1951இல் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வாகி சென்னை மாகாணத்துக்கு வந்த அன்னா ராஜம், அப்பணியில் சேர்ந்த முதல் பெண். தேர்வுக்குழுவிலேயே பெண்களுக்கு ஏற்ற வேறு பணிகளைப் பாரேன் என்றார்கள். முதலமைச்சர் ராஜாஜி தலைமைச் செயலகத்தில் உட்காரவைக்கப் பார்த்தார். அன்னா ராஜம் குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுதலும் கற்றவர். வாதாடி ஓசூருக்குச் சார் ஆட்சியராகப் போனார். அவருடைய நியமன ஆணையிலேயே, திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்ற நிபந்தனை இருந்தது. பின்னாளில் அந்த விதி நீங்கியது.

வெளியுறவுப் பணியின் முதல் பெண்ணான சி.பி. முத்தம்மாவுக்கும் இதே கதைதான். திருமணத்துக்கு அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் பதவி விலகச் சொல்லலாம் என்று விதி இருந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. அதனால் 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் மனுவைத் தள்ளுபடி செய்தார். ஆனால் அந்த விதிகளைக் கடுமையாகக் கண்டித்த பிறகே தள்ளினார். ஆண் அதிகாரிக்குக் குடும்பம் அந்தஸ்து, பெண் அதிகாரிக்குக் குடும்பம் குற்றம் என்று அரசே எழுதி வைத்திருந்த காலம் அது.

ராணுவத்தில் இன்னும் தாமதம். மருத்துவம், செவிலியர் பணிகளைத் தாண்டிப் பெண்களை அதிகாரிகளாகச் சேர்த்தது 1992இல். பயிற்சி நம் சென்னையில்தான். நிரந்தரப் பணி கேட்டபோது, கிராமத்திலிருந்து வரும் ஆண் சிப்பாய்கள் பெண்ணின் கட்டளையை ஏற்கும் மனநிலையில் இல்லை என்று அரசுத் தரப்பு வாதம் வைத்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சிப்பாயின் மனநிலையைப் பற்றி ஆபீசர்களுக்கு 1806இல் இல்லாத அக்கறை இப்போது எங்கிருந்து வந்ததோ.

தமிழாக்கத்திலும் ஒரு மாற்றம் நடந்தது. அரசுத் தமிழ் மெல்ல 'அதிகாரி'யை விட்டு 'அலுவலர்' பக்கம் நகர்ந்தது. 1980இல் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, தேர்வெழுதி வரும் 'கிராம நிர்வாக அலுவலர்' வந்தார். மணியக்காரரம்மா என்றால் மணியக்காரரின் மனைவி. இன்று வி.ஏ.ஓ. மேடம் என்றால் அவரேதான் வி.ஏ.ஓ. 'அலுவல்' என்றால் வேலை. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் வேலை, கடமை என்ற பொருளில்தான் தொடங்குகிறது. அதனால் 'அலுவலர்' நல்ல சொல் என்று மாணவிகளுக்குச் சொல்லிவந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. சொல்லிலிருந்து அதிகாரம் கழன்று வேலை மட்டும் மிஞ்சும் இடங்களைப் பார்த்துவிட்டேன். தேர்தல் வந்தால் அங்கன்வாடிப் பணியாளர் 'வாக்குச்சாவடி நிலை அலுவலர்' ஆகிவிடுகிறார். அதே அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீடு வீடாக நடக்கும்போது அலுவலர், சம்பளம் கேட்கும்போது பணியாளர்.

எங்கள் பகுதிக்கு வருகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கும் பிரிவுகளில் பெண்களே அதிகம். என் மாணவிகள் பலரின் அம்மாக்கள் அங்கேதான் இருக்கிறார்கள். 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி 500 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டியிருந்தது. அவர் ஆணா பெண்ணா என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. 2013ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சொல்கிறது. பத்துப் பேர் வேலை செய்தாலே புகார்க் குழு வேண்டும். குழுவின் தலைமை அலுவலர், அந்தப் பணியிடத்தில் மேல்நிலைப் பதவியில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் அதே நிறுவனத்தின் வேறு பிரிவிலிருந்து அழைத்து வர வேண்டும்.

பெண்தான் ஆபீசராக இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் சொல்லி நான் படித்தது இதுதான் முதல்முறை. ஆனால் மேல்நிலைப் பதவியில் உள்ள பெண்ணுக்கு எங்கே போவது? நூறு பெண்கள் தைக்கும் கூடத்தில் மேற்பார்வை, மேலாளர் என்று மேலே போகப்போக ஆண்கள்தான் என்கிறார்கள் மாணவிகள். வீட்டிலேயே பீஸ் கணக்கில் கையால் தைத்துக் கொடுப்பவர்களுக்கு அந்தக் கூடம்கூடக் கிடையாது. அவர்கள் போகவேண்டியது மாவட்ட அளவிலான குழுவுக்கு.

மாணவி ஒருத்தியின் அம்மாவைச் சந்தித்தேன். பதினெட்டு வருடமாகத் தையல் மெஷினில் இருப்பவர். கம்பெனி அறிவிப்புப் பலகையில் தலைமை அலுவலர் என்று அவர் பெயர் ஒட்டியிருந்ததை மகள்தான் கைபேசியில் காட்டினாள்.

"கையெழுத்துக் கேட்டாங்க, போட்டேன் மேடம். பலகையில பேரு வந்ததுக்கு அப்புறமும் பீஸ் குறைஞ்சா சூப்பர்வைசர் என்னத்தான் முதல்ல திட்டறாரு."

சட்டத்தின் தமிழ்ப் படி ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். குழுவில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர், குழுவே அமைக்காத முதலாளிக்கு ஐம்பதாயிரம் வரை அபராதம் என்று படித்துக்கொண்டே போனேன். அவர் நிறுத்தினார்.

"அந்த சூப்பர்வைசர் மேலயே புகார் வந்தா?"

"நீங்க விசாரிக்கலாம்."

"நான் கூப்புட்டா அவரு வரணுமா?"

விசாரணைக்கு ஆளை வரவழைக்கவும், உறுதிமொழி வாங்கி விசாரிக்கவும், ஆவணங்களைக் கேட்கவும் குழுவுக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு என்ற பிரிவைக் காட்டினேன். வரணும் என்றேன்.

அவர் காகிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி அந்த வரியைத் தானே ஒருமுறை படித்தார். பிறகு மகளிடம் நீட்டி, "இத மட்டும் ரெண்டு ஜெராக்ஸ் போட்டுக் குடு" என்றார்.