மேட்டில் புல், பள்ளத்தில் சோலை

பவானிசாகர் தண்ணீரில் நெல்லும் மஞ்சளும் வைத்திருப்பவர்கள் இன்றைக்குக் கொஞ்சம் காதைக் கொடுங்கள். அந்தத் தண்ணீர் புறப்படுகிற நீலகிரி மலையைப் பற்றித்தான் பேச்சு.

உதகைக்கு மேற்கே முக்குருத்திப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மேடெல்லாம் வெறும் புல். ஓடை ஓடுகிற பள்ளத்தில் மட்டும் அடர்ந்த சோலை. "இவ்வளவு மழை பெய்யுதே, மரம் ஏன் மேலே ஏறலே?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

முக்கியமாகத் தடுப்பது உறைபனி. மார்கழி, தை ராத்திரியில் வானம் தெளிந்திருந்தால், விடியும்போது புல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைந்து நிற்கும். அந்தக் குளிரில் சோலை மரக்கன்று கருகிவிடும். புல்லும் கருகத்தான் செய்யும். ஆனால் அதன் குருத்து மண்ணோடு ஒட்டி இருப்பதால், மழை விழுந்ததும் துளிர்த்துவிடும். தீப்பட்டாலும் அப்படியே. சோலைக்குள்ளே கதை வேறு. மேலே இலைக்கூரை மூடியிருப்பதால் தரையின் சூடு லேசில் வெளியேறாது, கன்று பிழைக்கும். மலைக்காற்றுக்குத் தோதாக அங்குள்ள மரங்கள் குட்டையாக வளர்ந்து, இலை தோல் போலத் தடித்து, குடை விரித்தாற்போல நிற்கும்.

இது நேற்று இன்று வந்த ஏற்பாடு அல்ல. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காக மக்கிக் கிடக்கும் மண்ணை நம் நாட்டு விஞ்ஞானிகள் சோதித்து 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய வறண்ட காலத்து அடுக்கில் வறட்சி தாங்கும் புல்லின் அடையாளம் மிகுதி. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை பலத்தபோது, ஈரம் விரும்பும் செடிகொடிகளின் அடையாளம் ஏறியிருக்கிறது. வானம் மாற மாற மலையும் வேஷம் மாற்றியிருக்கிறது!

1819-இல் சலிவன் துரை மலையேறினார். பின்னாலேயே ஊர் வந்தது. ஊருக்கு விறகு வேண்டியிருந்தது. 1843-இல் ஆஸ்திரேலியாவின் கற்பூர மரம், அதாவது தைலமரம், வந்து சேர்ந்தது. அது குளிர் பழகிய மரம். நம் பனி அதை அசைக்கவில்லை. தோல் பதனிடச் சீகை மரமும் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் புல்லை வீண் நிலம் என்று எண்ணி, ஆயிரக்கணக்கான ஏக்கரில் இவற்றை நட்டோம். துரையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். கிளென்மார்கனில் அருகருகே இரண்டு பள்ளத்தாக்குகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை அப்படியே விட்டு, மற்றதில் 1972-இல் பாதிக்குச் சற்று அதிகமான இடத்தில் தைலமரம் வைத்தார்கள். முதல் பத்தாண்டில் ஓடைத் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் மறுதாம்பு வளர்ந்த பத்தாண்டில் சுமார் 25 சதவீதம். கோடை ஓட்டம் அதைவிட மோசமாக அடிபட்டது. புல்லின் வேர் மேலாக நின்றுவிடும். தைலமரத்தின் வேர் ஆழத்து ஈரத்தையும் வருஷம் பூராவும் உறிஞ்சும். அந்தப் பக்கத்து ஓடைகள் மாயாற்றில் கலந்து பவானிசாகருக்குத்தான் வருகின்றன.

"அப்போ வெட்டிப் போட்டா ஆச்சே!" என்பீர்கள். வெட்டுகிறார்கள்; ஆனால் சீகையின் விதை பல வருஷம் மண்ணில் உயிரோடு கிடக்கிறது. வெயில் பட்டதும் நாற்றங்கால் போல முளைத்துவிடுகிறது. இன்னொரு பக்கம், பழைய சீகைத் தோப்பு நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாகவே தலைகாட்டுகின்றன. அங்கே கையை வைக்காமல் விடுவது நல்லது. புல்தான் அவ்வளவு சுலபத்தில் திரும்பி வருவதில்லை.