உமிழ்நீரில் அயோடின்

உடலுக்குள் சென்ற அயோடினில் ஒரு பங்கு, உமிழ்நீர்ச் சுரப்பிகள் வழியாக மீண்டும் வாய்க்கே வந்து சேர்கிறது. இதைக் கழிவு என்பதைவிடச் சுழற்சி என்பதே பொருந்தும். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் சுரக்கும் உமிழ்நீரை நாம் விழுங்கிவிடுகிறோம். அதிலுள்ள அயோடின் மறுபடியும் இரத்தத்தில் ஏறுகிறது.

இந்தியாவில் உப்பில் கலக்கப்படும் பொட்டாசியம் அயோடேட்டு, குடலில் அயோடைடாக மாறி உறிஞ்சப்படுகிறது. உண்ட அயோடைடில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இரைப்பையிலும் சிறுகுடலின் முற்பகுதியிலும் இரத்தத்தில் சேர்ந்துவிடும். வளர்ந்தவரின் அன்றாடத் தேவை 150 மைக்ரோகிராம்தான். தைராய்டு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள, எஞ்சியதில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. மக்களிடையே அயோடின் போதுமா என்று அறியச் சிறுநீரைச் சோதிப்பது இதனால்தான்.

உமிழ்நீர்ச் சுரப்பியின் நாள உயிரணுக்களில், தைராய்டில் உள்ள அதே கடத்துப் புரதம் இருக்கிறது. இரண்டு சோடியம் அயனிகளோடு ஓர் அயோடைடு அயனியை உள்ளே இழுக்கும் இப்புரதத்தின் மரபணு 1996-இல் கண்டறியப்பட்டது. இதன் இழுவையால் உமிழ்நீரில் அயோடைடின் செறிவு இரத்தத்தில் இருப்பதைப் போல் பல மடங்கு உயர்கிறது. ஆனால் தைராய்டைப் போல அதை ஹார்மோனாக்கிச் சேமிக்கும் திறன் இச்சுரப்பிகளுக்கு இல்லை. பிறவியிலேயே இப்புரதம் பழுதுபட்ட குழந்தைகளுக்குத் தைராய்டோடு உமிழ்நீரிலும் அயோடைடு குறைந்துவிடும். உமிழ்நீருக்கும் இரத்தத்துக்கும் உள்ள அயோடைடு விகிதத்தைக் கொண்டே இக்குறையை இனங்காணலாம் என்பது மருத்துவத்துக்குக் கிடைத்த எளிய, அருமையான வழி.

இதே இழுவை தைராய்டுப் புற்றுநோயாளிகளுக்குத் துன்பமாகவும் முடிகிறது. சிகிச்சைக்குத் தரப்படும் கதிரியக்க அயோடின்-131 உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் சேர்கிறது. காதருகே உள்ள பெரிய சுரப்பிகளே மிகுதியும் பாதிக்கப்படுகின்றன: வீக்கம், வலி, சுவை மாற்றம், சிலருக்கு நீண்டகால வாய் வறட்சி. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது வழக்கம். உமிழ்நீரைப் பெருக்க எலுமிச்சை மிட்டாய் சப்புவதும் உண்டு. அதை எப்போது தொடங்குவது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆகவே நோயாளி தாமாகத் தொடங்காமல், சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்டுச் செய்வதே நல்லது.

அயோடின்-131-இன் அரைவாழ்வுக் காலம் 8 நாட்கள். சிகிச்சை பெற்றவரின் எச்சிலிலும் கதிரியக்கம் இருக்கும். மருத்துவமனை குறிப்பிடும் நாள்வரை அவருடைய தட்டு, தம்ளர், கரண்டியைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். அவர் கடித்த பண்டத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.