அமெரிக்கக் கடிதம்

ஒரு நாட்டின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் முதலில் நாடுவது அரசாங்க ஆவணங்களையே. சட்டங்கள், ஒப்பந்தங்கள், குடிக்கணக்குகள் ஆகியவை இன்றிச் சரித்திரம் எழுத இயலாது என்பது உண்மையே. ஆயினும், பிழைப்பைத் தேடி அயல்நாடு சென்ற ஓர் ஏழைப் பெண் காலையில் எப்போது எழுந்தாள், என்ன உண்டாள், யாரை நினைத்து ஏங்கினாள் என்பனவற்றை அவை கூறமாட்டா. அவற்றைக் கூறவல்லவை கடிதங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்தை விட்டு அமெரிக்கா சென்றோர் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி இங்கே சிறிது சிந்திப்போம். அயர்லாந்தின் கிராமங்களில் அவற்றிற்குத் தனிப் பெயரே வழங்கிற்று. 'அமெரிக்கக் கடிதம்' என்றால் அங்கே குழந்தைக்கும் தெரியும்.

அயர்லாந்து ஒரு சிறிய தீவு. 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 82 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் குத்தகை நிலத்தை நம்பிய ஏழைகள். விளைந்த தானியம் குத்தகைக்குப் போயிற்று. உருளைக்கிழங்கும் மோருமே அவர்கள் வயிற்றுக்கு மிஞ்சின. 1845ஆம் ஆண்டில் ஒரு நோய் அந்தக் கிழங்குப் பயிரைத் தாக்கியது. நிலத்தைத் தோண்டினால் கிழங்குக்குப் பதில் அழுகலே கிடைத்தது. அடுத்து வந்த ஆண்டுகளிலும் பெரும்பாலும் அதே கதைதான். அக்கொடிய பஞ்சத்திலும் அதனோடு வந்த காய்ச்சலிலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். 1845க்கும் 1855க்கும் இடையே 20 லட்சத்திற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். பஞ்சம் தணிந்த பிறகும் இவ்வெளியேற்றம் நிற்கவில்லை. ஒரு மகனுக்கு நிலம், ஒரு மகளுக்கு வரதட்சிணை, எஞ்சிய பிள்ளைகளுக்குக் கப்பல் என்பது குடும்ப வழக்கமாகவே நிலைத்துவிட்டது.

புறப்படும் பிள்ளையை அக்கிராமத்தார் வழியனுப்பிய விதம் நம் உள்ளத்தைத் தொடுகிறது. ஒருவர் இறந்தால், உடலருகே உற்றாரும் ஊராரும் இரவெல்லாம் கண்விழித்திருப்பது அந்நாட்டு வழக்கம். அமெரிக்காவிற்குச் செல்லும் மகனுக்கும் மகளுக்கும் அதே சடங்கை அவர்கள் நடத்தினர். அதற்கு 'அமெரிக்கக் கண்விழிப்பு' என்று பெயர். ஆட்டமும் பாட்டும் உண்டு. விடியும் நேரத்தில் தாயின் ஒப்பாரியும் உண்டு. போனவர்களுள் திரும்பியவர் மிகச் சிலரே என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். உயிரோடு இருப்பவரை இறந்தவராகப் பாவித்து விடைகொடுத்த அத்தாய்க்கு, பிள்ளை உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சான்று ஒன்றே ஒன்றுதான்: கடிதம்.

அக்கடிதம் வருவதும் எளிதாக இருக்கவில்லை. பாய்மரக் கப்பல் அட்லாண்டிக் கடலைக் கடக்க ஐந்து, ஆறு வாரங்கள் ஆகும். காற்று பகையானால் இன்னும் மிகும். 1840ஆம் ஆண்டில் தபால் நீராவிக் கப்பல்கள் முறையாக ஓடத் தொடங்கின. எனினும் கட்டணம் அதிகம். 1848ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, அரை அவுன்ஸ் கடிதம் ஒன்றிற்கு அமெரிக்காவில் 24 சென்ட் செலுத்த வேண்டும். 1875இல் அது 5 சென்டாகக் குறைந்தது. இக்குறைவு எத்தனை தாய்மாரின் கவலையைக் குறைத்தது என்பதற்கு எந்தத் தபால் இலாகாவிலும் கணக்கு இராது.

தபால் வந்த செய்தி ஊரெங்கும் பரவும். அயலார் கூடுவர். கரிமண் கட்டிகள் எரியும் அடுப்பருகே அமர்ந்து, படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். பள்ளி ஆசிரியரோ, பாதிரியாரோ, பள்ளி செல்லும் சிறுவனோ அப்பணியைச் செய்வதுண்டு. ஆகவே அமெரிக்கக் கடிதம் தாய்க்கு மட்டும் எழுதப்பட்டதன்று, ஊருக்கே எழுதப்பட்டது. எழுதியவரும் இதை நன்கறிவார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் நீண்ட பட்டியல் அக்கடிதங்களில் இடம்பெறுவதன் காரணம் இதுவே. ஒரு பெயர் விட்டுப்போனால் அவ்வீட்டார் மனம் வருந்துவர் அல்லவா?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே மற்றொரு செய்தியும் புலப்படுகிறது. 1851ஆம் ஆண்டில் அயர்லாந்தில் 15 லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஐரிஷ் மொழி பேசினர். ஆயினும் 1831ஆம் ஆண்டு முதல் நிறுவப்பட்ட தேசியப் பள்ளிகளில் எழுதப் படிக்கக் கற்பித்த மொழி ஆங்கிலம். எனவே, தாயோடு ஐரிஷ் மொழியில் பேசி வளர்ந்த மகள் தாய்க்கு ஆங்கிலத்திலேயே எழுத நேர்ந்தது. படிப்பவர் அதை ஐரிஷ் மொழியில் பெயர்த்துச் சொன்னால்தான் தாய்க்கு விளங்கும். மகளின் அன்பு இருமுறை மொழி மாறித் தாயின் செவியை எட்டியது. இன்னும் ஒன்று: நாடு விட்டுச் சென்றவரைக் குறிக்க ஐரிஷ் மொழியில் பெரிதும் வழங்கிய சொல் 'தியோரி' என்பதாகும். அதற்கு நாடுகடத்தப்பட்டவர் என்பதே பொருள். ஆங்கிலத்தில் குடியேறச் செல்பவர் என்று எழுதப்பட்டவரை, ஐரிஷ் மொழி நாடிழந்தவர் என்று அழைத்தது. 1985ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருநூலில், ஆயிரக்கணக்கான கடிதங்களை ஆராய்ந்த கெர்பி மில்லர் என்ற அறிஞர் இவ்வேறுபாட்டை விரிவாக விளக்கியிருக்கிறார்.

அங்கே அவர்தம் அன்றாட வாழ்க்கை எவ்வாறு இருந்தது? ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்து பெரும்பாலும் ஆண்களோ குடும்பங்களோ சென்றனர். அயர்லாந்திலிருந்து மட்டும், நூற்றாண்டின் பிற்பகுதியில், மணமாகாத இளம்பெண்கள் ஆண்களுக்குச் சமமான எண்ணிக்கையில் தனியே சென்றனர். அவர்களுள் மிகப் பலர் நியூயார்க், பாஸ்டன் முதலிய நகரங்களில் செல்வர் இல்லங்களில் வேலைக்காரிகளாயினர். பொழுது விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுவது முதல், இரவில் வீட்டார் உறங்கச் செல்லும் வரை அவர்கள் வேலை ஓயாது. திங்கட்கிழமை துணி வெளுத்தல், மறுநாள் இஸ்திரி போடுதல் என ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கடமை உண்டு. வியாழக்கிழமை பிற்பகலும் ஞாயிற்றுக்கிழமையும் ஓரளவு ஓய்வு. அவ்வோய்வில்தான் மாதா கோயிலுக்குச் செல்வதும், ஊர்க்காரியைச் சந்திப்பதும், கடிதம் எழுதுவதும். இவ்வேலையில் ஒரு வசதி இருந்தது. உணவும் உறைவிடமும் எஜமானர் பொறுப்பு. ஆதலால் கூலியில் பெரும்பங்கை வீட்டிற்கு அனுப்ப முடிந்தது.

உணவைப் பற்றி அவர்கள் எழுதியதே ஒரு தனி அத்தியாயம். ஊரில் பண்டிகைக்கு மட்டும் கண்ட இறைச்சி அங்கே நாள்தோறும் கிடைத்தது. இதைப் பற்றி ஒரு கதை சொல்வதுண்டு. தன் வேலையாளின் கடிதத்தைக் கண்ட எஜமானர், "நாள்தோறும் இறைச்சி உண்ணும் நீ, வாரத்தில் இரு நாள் என்று எழுதுவானேன்?" என்று கேட்டாராம். "உண்மையை எழுதினால் ஊரில் எவரும் நம்பமாட்டார்களே, ஐயா" என்று அவன் மறுமொழி சொன்னானாம். கதை உண்மையோ, புனைவோ, இரு நாடுகளுக்கும் இடையே இருந்த தூரத்தை அது நன்கு அளந்து காட்டுகிறது.

ஆடவர் நிலை இதனினும் கடினம். கால்வாய் வெட்டுதல், இருப்புப் பாதை போடுதல், துறைமுகத்தில் மூட்டை சுமத்தல், பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்குதல் ஆகியவை அவர்களுக்கு வாய்த்த தொழில்கள். வேலை உள்ள நாளில் கூலி உண்டு. பனிக்காலத்தில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. இடத்திற்கு இடம் அலைந்தவர்களுக்கு நிலையான விலாசமும் இல்லை.

இத்துன்பங்கள் கடிதங்களில் அரிதாகவே வெளிப்படுகின்றன. ஊர் முழுதும் கேட்கப்போகும் கடிதத்தில், நெருக்கமான அறைகளில் பலரோடு உறங்குவதையும், வேலையின்றித் திரிந்ததையும் எவர் எழுதுவர்? மேலும், உறைக்குள் பணம் இருக்கும் என்று வீட்டார் எதிர்பார்த்தனர். பணம் அனுப்ப இயலாதவர், வெறுங்கடிதம் அனுப்ப நாணி எழுதாமலே இருந்துவிடுவதும் நேர்ந்தது. ஒரு மாத மௌனம் ஓர் ஆண்டாகும். ஓர் ஆண்டு பல ஆண்டுகளாகும். பாஸ்டன் நகரின் 'பைலட்' என்ற பத்திரிகை 1831 முதல் 1921 வரை, காணாமற்போன உற்றாரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டு வந்தது. எந்தக் கிராமத்தவர், எந்த ஆண்டு வந்தார், கடைசியாக எங்கே வேலை செய்தார் என்று அவை விசாரிக்கின்றன. கடிதங்கள் சொல்லாமல் விட்ட சரித்திரத்தை அவ்விளம்பரங்களில் நாம் படிக்கலாம்.

உறைக்குள் வந்த பணம் குத்தகை பாக்கியைத் தீர்த்தது. கடைக்காரர் கடனை அடைத்தது. நியூயார்க் ஐரிஷ் சமூகத்தார் 1850ஆம் ஆண்டில் தொடங்கிய குடியேறிகள் சேமிப்பு வங்கி, இத்தகைய சிறு தொகைகளை அயர்லாந்திற்கு அனுப்புவதைத் தன் முக்கியப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. ஆனால் பணத்தைவிட விலைமதிப்புள்ள மற்றொரு காகிதமும் உறைக்குள் வருவதுண்டு. அஃது அடுத்த பிள்ளைக்கு முன்பணம் கட்டிய கப்பல் சீட்டு. முதலில் சென்ற அக்காள் தங்கையை அழைத்தாள். தங்கை தம்பியை அழைத்தாள். 1892ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நியூயார்க்கில் எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டபோது, அதன் வழியே முதன்முதலாகக் கரையேறியவள் கார்க் மாவட்டத்தைச் சேர்ந்த ஆனி மூர் என்ற பெண். அவளுக்குப் பதினேழு வயது. இரு தம்பிமாரைக் கைபிடித்து அழைத்து வந்தாள். பெற்றோர் முன்னரே நியூயார்க்கில் அவர்களுக்காகக் காத்திருந்தனர்.

இங்கேதான் இச்சரித்திரத்தின் வேதனை அடங்கியிருக்கிறது. வீட்டைத் தாங்கிய அதே கடிதம் வீட்டைக் காலியும் செய்தது. தாய் எந்தக் கடிதத்திற்காக வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தாளோ, அந்தக் கடிதமே அவளுடைய அடுத்த பிள்ளையையும் கொண்டுசென்றது. எவரும் இதைத் தீங்காக எண்ணிச் செய்யவில்லை, அன்பினாலேயே செய்தனர். 1841இல் ஏறத்தாழ 82 லட்சமாக இருந்த மக்கட்தொகை, 1901இல் சுமார் 45 லட்சமாகச் சுருங்கியதைக் குடிக்கணக்கு காட்டுகிறது. அதற்குப் பஞ்சமும் நிலவுடைமை முறையும் முதற்காரணங்கள். ஆனால் அவ்வெளியேற்றம் அறுபது ஆண்டுகள் அறாது தொடர்ந்ததில் அக்கடிதங்களுக்கும் பங்கு உண்டு.

வீட்டார் அனுப்பிய மறுமொழிகளில் பணம் இல்லை. அவர்களிடம் அனுப்பக்கூடியது வேறொன்று இருந்தது. மார்ச் 17ஆம் நாள் வரும் புனித பாட்ரிக் திருநாளுக்கு முன், வயல் வரப்பில் முளைக்கும் மூவிலைச் செடியைப் பறித்து உறையிலிட்டு அனுப்புவது வழக்கம். ஊரை விட்டு ஈரமாகப் புறப்பட்ட அது நியூயார்க் சேரும்போது வாடி உலர்ந்திருக்கும். ஆயினும் வேலைக்காரப் பெண்கள் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு மாதா கோயிலுக்குச் சென்றனர்.

அக்கடிதங்களுள் பெரும்பாலானவை அடுப்பிலும் ஈரத்திலும் அழிந்தன. எஞ்சியவை இன்று ஆவணக் காப்பகங்களில் மதிப்புடன் பேணப்படுகின்றன. மன்னர்களின் கடிதங்களை மட்டுமே காத்து வந்த உலகம், ஒரு வேலைக்காரியின் கடிதத்தையும் சரித்திரச் சான்றாக ஏற்றது நல்ல மாறுதலே. அவற்றைப் படிக்கும்போது நாம் ஒன்றை மறத்தலாகாது. "நான் நலமாக இருக்கிறேன்" என்று அவள் எழுதியது செய்தி மட்டுமன்று. அது, கேட்கும் தாய் அன்றிரவு நிம்மதியாக உறங்கவேண்டும் என்பதற்காக எழுதிய சொல்லும் ஆகும்.