தோமஸ் கோஷாட்: இயற்றியவர் பெயர் தெரிந்த நாட்டுப்பாடல்கள்

நாட்டுப்பாடலுக்குத் தனி ஆசிரியர் இல்லை. அது வாய்மொழியாக வருவது. மக்கள் கூட்டத்தின் பொதுச்சொத்து. பாடநூல்கள் வழிவழியாகச் சொல்லிவரும் இலக்கணம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆஸ்திரியாவில் வாழ்ந்த தோமஸ் கோஷாட்டின் (1845–1914) பாடல்கள் இந்த மூன்று அடையாளங்களில் முதல் இரண்டையும் மீறுகின்றன. அவற்றைப் புனைந்தவரும் மெட்டமைத்தவரும் அவரே. அவை அச்சு நூல்களின் வழியே பரவின. ஆயினும் அவற்றுள் சில, கரிந்தியா மாநிலத்தின் தொன்மையான நாட்டுப்பாடல்கள் என்றே பலராலும் நம்பப்பட்டன. கோஷாட்டின் வாழ்வையும் பணியையும் ஆராய்வது, நாட்டுப்பாடல் என்னும் கருத்தாக்கத்தையே ஆராய்வதாகும்.

ஆஸ்திரியாவின் தென்கோடியில் அமைந்த கரிந்தியாவின் தலைநகர் கிளாகன்ஃபுர்ட். அதன் அருகிலுள்ள விக்ட்ரிங் என்னும் ஊரில் 1845 ஆகஸ்ட் 8 அன்று கோஷாட் பிறந்தார். அவ்வூரின் பழைய சிஸ்டர்சியத் துறவு மடம், பேரரசர் இரண்டாம் யோசேப்பின் ஆட்சியில் 1786இல் கலைக்கப்பட்டது. பின்னர் அதன் கட்டடங்களில் துணி ஆலை ஒன்று இயங்கியது. கோஷாட்டின் தந்தை சாயத் தொழிலாளர். ஆகவே, மலைச்சாரலில் ஆடு மேய்ப்போரின் குரலாகப் பின்னாளில் கொண்டாடப்பட்டவர் பிறந்த சூழல், தொழிற்சாலைகள் தோன்றிக்கொண்டிருந்த காலத்தின் ஓர் ஆலைக் கிராமம்.

1863இல் கிளாகன்ஃபுர்ட்டுக்கு இரயில் பாதை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில், வேதியியல் பயிலும் நோக்கத்துடன் கோஷாட் வியன்னாவுக்குச் சென்றார். அவரது கல்வி ஆய்வுக்கூடத்தில் தொடங்கினாலும் வாழ்க்கை இசையரங்கில் நிலைபெற்றது. 1867இல் வியன்னா அரசவை இசைநாடக அரங்கின் சேர்ந்திசைக் குழுவில் பாடகராகச் சேர்ந்து, விரைவிலேயே அக்குழுவின் முன்னணிப் பாடகரானார். 1874இல் பேராலயச் சேர்ந்திசைக் குழுவிலும் 1878இல் அரசவை இசைக்குழுவிலும் இடம்பெற்றார். மொசார்ட்டையும் வாக்னரையும் பாடி ஊதியம் பெற்ற தொழில்முறைப் பாடகர், ஓய்வு நேரத்தில் தம் ஊரின் கிளைமொழியில் பாடல் புனைந்தார். அவர் எழுதிய கரிந்தியா, பேரரசின் தலைநகரில் குடியேறிய ஒருவர் தொலைவிலிருந்து நினைத்துப் பார்த்த கரிந்தியா. அப்பாடல்களில் மீண்டும் மீண்டும் ஒலிக்கும் பிரிவுத் துயரை இந்தப் பின்னணியோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

கரிந்தியக் கிளைமொழியில் அவர் இயற்றிய முதல் நால்குரல் பாடல்கள் 1871இல் அச்சேறின. அவற்றின் வெற்றியைத் தொடர்ந்து ஏறக்குறைய நூறு பாடல்கள் வெளிவந்தன. இந்த வெற்றிக்கு இரு காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, கரிந்தியப் பாட்டு மரபின் இயல்பு. அது தனிக்குரல் பாட்டன்று. மெதுவான நடையில் பல குரல்கள் இணைந்து பாடுவது. அதில் மெட்டைத் தாங்கும் குரலுக்கு மேலே இன்னொரு குரல் கவிந்து ஒலிப்பது வழக்கம். விடுதி மேசையைச் சுற்றி அமர்ந்தோர் செவிவழியே கற்றுப் பாடிய அந்த இசைவை, கோஷாட் இசைக்குறியீட்டில் ஒழுங்குபடுத்தித் தந்தார். இரண்டாவது, அக்காலத்தின் சங்க வாழ்க்கை. 1843இல் தொடங்கப்பட்ட வியன்னா ஆடவர் பாட்டுச் சங்கத்தைப் போன்ற அமைப்புகள் ஜெர்மன் மொழி வழங்கிய நகரங்கள் தோறும் பெருகியிருந்தன. ஆசிரியர்கள், எழுத்தர்கள், வணிகர்கள் கூடிப் பாடிய அச்சங்கங்களுக்கு, எளிதில் பாடக்கூடிய, மண்மணம் கொண்ட நால்குரல் பாடல்கள் தேவைப்பட்டன. கோஷாட்டின் ஏடுகள் அத்தேவையை நிறைவு செய்தன.

அவற்றுள் பெரும்புகழ் பெற்றது ‘ஃபெர்லாசன்’, அதாவது ‘கைவிடப்பட்டேன்’ என்னும் பாடல். காதலை இழந்த ஓர் ஆணின் தனிமையைச் சில எளிய படிமங்களில் அது சொல்லி முடிக்கிறது. சொற்கள் குறைவு, மெட்டு ஒருமுறை கேட்டால் மனத்தில் தங்கிவிடும். பாட்டுச் சங்கத்திலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து வீட்டுக்கும், அங்கிருந்து அயல்நாடுகளுக்கும் அது பயணம் செய்தது. வழியில் இயற்றியவரின் பெயர் உதிர்ந்துபோனது.

1875இல் கோஷாட் மேலும் நான்கு பாடகர்களைச் சேர்த்து ஐவர் குழு ஒன்றை அமைத்தார். 1880 மார்ச் 22 அன்று ‘வொர்தர் ஏரியில்’ என்னும் பாடல் நாடகம் வியன்னாவில் அரங்கேறியது. 1884இல் ‘புனித அன்னாவூர் நகரத் தலைவர்’ என்னும் இசைநாடகமும் அந்நகரிலேயே மேடையேறியது. கிளாகன்ஃபுர்ட்டுக்கு அருகிலுள்ள வொர்தர் ஏரி, இரயில் வந்த பிறகு நகரத்தாரின் கோடை வாழிடமாக மாறிக்கொண்டிருந்தது. 1877 முதல் 1879 வரை மூன்று கோடைகளை அதன் கரையிலுள்ள பொர்ட்ஷாக்கில் கழித்த பிராம்ஸ், தம் இரண்டாம் சிம்பொனியை அங்கேதான் எழுதினார். இரயில் பயணிகளை ஏரிக்கு அழைத்துச் சென்றது. கோஷாட்டின் பாடல்களோ ஏரியை வியன்னா மேடைக்கு அழைத்து வந்தன.

இந்தப் புகழ் ஓர் அறிவுலகச் சிக்கலையும் எழுப்பியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஹெர்டர் நாட்டுப்பாடல் என்னும் கருத்தை நிலைநாட்டியது முதல், அது ஒரு மக்களினத்தின் ஆன்மா வெளிப்படும் இடம் என்று போற்றப்பட்டுவந்தது. கோஷாட் பிறந்த அதே 1845இல் பிறந்த யோசெஃப் பொம்மர், இக்கருத்தை ஆஸ்திரியாவில் உறுதியாக முன்வைத்தவர். 1899இல் நாட்டுப்பாடலுக்கென அவர் தனி இதழ் தொடங்கினார். எழுத்தறிவு மரபு தீண்டாத எளிய மக்களிடம் பிறந்ததே உண்மையான நாட்டுப்பாடல் என்பது அவரது கோட்பாடு. இந்த அளவுகோலின்படி கோஷாட்டின் பாடல்கள் நாட்டுப்பாடல்களின் சாயல் கொண்டவை மட்டுமே. ஹான்ஸ் நெக்ஹைம் 1890களில் வெளியிட்ட கரிந்தியப் பாடல் தொகுப்பு, தன் தலைப்பிலேயே ‘உண்மையான’ என்னும் அடைமொழியைத் தாங்கி வந்தது. போலி என்று கருதத்தக்கவை பரவியிருந்தாலன்றி அத்தகைய அடைமொழிக்குத் தேவை எழுவதில்லை.

யோன் மையர் இதற்கு நேர்மாறான நிலைப்பாட்டை எடுத்தார். மக்களிடையே வழங்கும் பாடல்கள் பலவும் தனிமனிதர் இயற்றிய கலைப்பாடல்களிலிருந்து வந்தவை என்பதை அவர் 1906இல் வெளியிட்ட நூல் சான்றுகளுடன் காட்டியது. பாடல் எங்கே பிறந்தது என்பது மையருக்கு முதன்மையான கேள்வியன்று. மக்கள் அதை ஆசிரியருக்குக் கட்டுப்படாமல் தமதாக்கிக்கொண்டு, தம் விருப்பம்போல் மாற்றிப் பாடுகிறார்களா என்பதே அவரது கேள்வி. 1818இல் ஓபெர்ன்டார்ஃபில் முதன்முதலாகப் பாடப்பட்ட ‘அமைதியான இரவு’ என்னும் கிறிஸ்துமஸ் பாடலின் கதை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. திரோல் பாடகர் குடும்பங்கள் அதை ஊர்தோறும் பாடிப் பரப்பியபோது, அது திரோல் நாட்டுப்பாடலாகவே அறியப்பட்டது. அதற்கு மெட்டமைத்தது தாமே என்பதை ஃபிரான்ஸ் சேவர் குரூபர் 1854இல் எழுத்துமூலம் நிறுவ வேண்டியிருந்தது.

இவ்விரு கோட்பாடுகளும் கவனிக்கத் தவறும் ஒரு பக்கமும் உண்டு. கரிந்தியா இருமொழி மாநிலம். அதன் தென்பகுதியில், குறிப்பாக ரோசன்டால் பள்ளத்தாக்கில், ஸ்லோவீன் மொழி பேசுவோர் அக்காலத்தில் பெருந்தொகையினராக இருந்தனர். பல குரல்கள் இணைந்து பாடும் அந்த மரபு இரு மொழியினருக்கும் பொதுவானது. கோஷாட் தம் நாடகம் ஒன்றின் தலைப்பிலேயே ரோசன்டாலைக் குறிப்பிட்டார். ஆயினும் அவரது பாடல்கள் வழியாக வெளியுலகம் அறிந்த கரிந்தியா, ஜெர்மன் கிளைமொழியில் மட்டுமே பேசியது. கேட்போர் ‘கரிந்தியப் பாடல்’ என்றபோது அதன் மற்றொரு மொழி அவர்களின் செவியில் விழவில்லை. 1904இல் ஆஸ்திரியக் கல்வி அமைச்சகம் தொடங்கிய பெரும் நாட்டுப்பாடல் சேகரிப்புத் திட்டம் பேரரசின் எல்லா மொழிகளையும் உள்ளடக்கியது. அதில் ஸ்லோவீன் பாடல்களுக்கான குழுவைக் காரெல் ஷ்ட்ரெகெல் வழிநடத்தினார். ஏட்டில் இரு மொழிகளுக்கும் இடமிருந்தது. மேடையில் அது வாய்க்கவில்லை.

கோஷாட் 1914 மே 19 அன்று வியன்னாவில் மறைந்தார். அதே ஆண்டில் மையர் ஃப்ரைபுர்க் நகரில் ஜெர்மன் நாட்டுப்பாடல் ஆவணக்காப்பகத்தை நிறுவினார். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1920 அக்டோபர் 10 அன்று தென்கரிந்தியாவில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஸ்லோவீன் மொழி பேசுவோர் பெரும்பான்மையாக இருந்த அப்பகுதியில் 59 விழுக்காட்டினர் ஆஸ்திரியாவுடன் இருக்கவே வாக்களித்தனர். மொழியும் மண்ணும் ஒன்றே எனக் கருதிய தேசியவாதத்திற்கு அம்முடிவு எளிதில் அடங்கவில்லை. ஒரு மாநிலத்தின் ஆன்மா ஒரே மொழியின் பாட்டில் உறைகிறது என்ற கருத்தும் அத்தகையதே.

கோஷாட்டைப் போலி என்று ஒதுக்குவதும், மக்கள் கவிஞர் என்று போற்றுவதோடு அமைவதும் ஆய்வைத் தொடக்கத்திலேயே முடித்துவிடும். ஒரு பாடல் நாட்டுப்பாடலாக ஏற்கப்பட்டதன் பின்னே அச்சகமும், பாட்டுச் சங்கமும், இரயிலும், சுற்றுலாவும், ஊரைப் பிரிந்தவரின் ஏக்கமும் இருந்தன. அப்பாடல் ‘யாருடையது’ என்று கேட்கும் ஆய்வாளர், அது ஒலித்தபோது எவருடைய பாடல் கேட்கப்படாமல் போனது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.